ஸ்கேன் ஆகிவிட்டது, அப்புறம்?

2008-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கும் தேசியக் கலைக்கூடம் சோழர் காலத்து நடராஜர் ஒருவரை 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். சிலையோடு காகிதங்களும் வந்தன. 1970-களின் தொடக்கத்திலேயே முறையாகக் கைமாறி இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று அந்தக் காகிதங்கள் சொல்லின. உண்மையில் அந்த நடராஜர் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில், பூசை நின்றுபோய்ப் பூட்டிக் கிடந்த ஒரு கோயிலில் இருந்தவர். 2006 வாக்கில் திருடுபோனவர். காகிதங்கள் பொய் என்று காட்டிக்கொடுத்தது புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத் தொகுப்பு. அதே நடராஜர் அதே கோயிலில் இருந்ததை 1994-இல் அங்கே போய்ப் படமெடுத்து வைத்திருந்தார்கள். 1970-களில் நாட்டை விட்டுப் போன சிலை 1994-இல் ஊரில் எப்படி இருக்கும்? 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்தபோது நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே சிட்னி கலைக்கூடத்தில் இருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரரும் வந்தார். அவர் எந்த ஊர்க்காரர் என்று நிறுவியதிலும் இந்தப் புதுச்சேரிப் படங்களுக்குப் பங்கு உண்டு.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் திருட்டைப் பற்றியும் துப்பறிந்ததைப் பற்றியும் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. பிரெஞ்சு நிறுவனம் 1956-லிருந்தே தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் படங்கள். எடுத்தவர்கள் திருட்டுப் புகாருக்குச் சாட்சி தேடிப் போகவில்லை. சிற்பக்கலை ஆராய்ச்சிக்காகப் போனார்கள். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெய்வம், எப்போது எடுத்தது என்று எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால், கையில் இருப்பது ஒரு நடராஜர் படம். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் நடராஜர் படத்துக்கா பஞ்சம்?

நான் செய்யும் வேலை இந்தக் குறிப்பு எழுதும் வேலை. சின்னச் சின்னத் தனியார் சேகரிப்புகள், நூலகங்கள், சில சமயம் யாரோ ஒருவர் வீட்டுப் பரண். ஸ்கேன் செய்ய இளைஞர்கள் வருவார்கள். கை வேகம் அவர்களுக்கு. நான் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, போய்க்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் என்ன என்று எழுதுவேன். நூலகத்துறையில் இதை மெட்டாடேட்டா என்பார்கள். பழைய ஆட்கள் கேட்லாக் என்பார்கள். எங்களிடம் வருகிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை பக்கம் ஸ்கேன் ஆச்சு?’ பணம் கொடுப்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள். அறிக்கையில் போட வசதியான எண் அது. ‘எத்தனைக்கு விவரம் எழுதியாச்சு?’ என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

விவரம் எழுதுவதில் என்ன பெரிய கஷ்டம், முன் அட்டையைப் பார்த்து எழுத வேண்டியதுதானே என்று தோன்றலாம். அட்டை இருந்தால் சரி. பழைய தமிழ்ப் புத்தகத்தில் முதலில் காணாமல் போவதே அட்டைதான். சரி, உள்முகப்பாவது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘விகாரி வருஷம் ஆவணி மாதம்’ என்று அச்சிட்டிருக்கும். விகாரி என்பது அறுபது ஆண்டுச் சுழற்சியில் வருவது. 1839 விகாரி, 1899 விகாரி, 1959 விகாரி. எதைப் போடுவது?

இங்கேதான் வேலை சுவாரசியமாகிறது. முதலில் விலையைத் தேடுவேன். ‘விலை அணா 4’ என்று இருந்தால் 1959-ஐ அடித்துவிடலாம். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்துவிட்டது. அப்புறம் அச்சகம். இந்தியர்கள் தடையில்லாமல் அச்சுக்கூடம் வைத்துக்கொள்ள வழிவிட்டது 1835-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே 1839-இல் உள்ளூர்க்காரர் ஒருவரின் அச்சகத்தில் வந்த புத்தகம் முடியாதது இல்லை, ஆனால் அபூர்வம். 1867-இல் வந்த சட்டம் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் புத்தகத்தில் போட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. முகவரியோடு அச்சகத்தின் பெயர் ஒழுங்காக இருந்தால் தராசு 1899 பக்கம் சாயும். அந்தச் சட்டத்தின்படி பதிவான புத்தகங்களுக்குச் சென்னை மாகாணத்தில் காலாண்டுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் நம் புத்தகம் அகப்பட்டால் கதை முடிந்தது. அகப்படாவிட்டால் ‘1899?’ என்று கேள்விக்குறியோடு எழுதி, ஏன் அப்படி நினைக்கிறேன் என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்தக் கேள்விக்குறியைப் பிற்பாடு யாரோ ‘சுத்தம் செய்கிறேன்’ என்று நீக்கிவிடுவார்கள். இதைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு.

தமிழ் எண்கள் இன்னொரு வேடிக்கை. 1892 என்பதை ஒரு புத்தகத்தில் ௲௮௱௯௰௨ என்று ஆயிரம், நூறு, பத்துக் குறிகளோடு போட்டிருப்பார்கள். இன்னொன்றில் ௧௮௯௨ என்று இலக்கம் இலக்கமாகப் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே காலத்தில் வழங்கியவை. கணினித் தேடலுக்கு இரண்டும் வெவ்வேறு. படிக்கத் தெரிந்தவர் இரண்டையும் 1892 என்று மாற்றிப் போட்டால்தான் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

தெற்கத்திச் சுவடிகளுக்கு வந்தால், கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்கோடியிலும் வழங்கிய கொல்லம் ஆண்டு வந்துவிடும். உதாரணத்துக்கு, ஒரு சுவடியின் கடைசி ஏட்டில் ‘கொல்லம் 1005, விரோதி வருஷம் தை மாதம்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொல்லம் 1005 என்பது 1829 ஆவணியில் தொடங்கி 1830 ஆடியில் முடிவது. விரோதி 1829 சித்திரை முதல் 1830 பங்குனி வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் காலத்தில் வரும் தை, 1830 ஜனவரி, பிப்ரவரி. இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன, சந்தேகம் இல்லை. எழுதியவர் வருஷப் பெயரை மட்டும் போட்டிருந்தால் 1770-ஆ, 1830-ஆ, 1890-ஆ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சுவடி எழுதியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பொறுப்பானவர்கள் என்று பல சமயம் தோன்றும். தொடக்கத்தில் ‘அரி ஓம் நன்றாக, குரு வாழ்க குருவே துணை’. முடிவில் இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன தேதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம், இன்ன ஊரிலிருக்கும் இன்னாருடைய ஏட்டைப் பார்த்து இன்னார் மகன் இன்னார் எழுதி முடித்தது. எல்லாச் சுவடியிலும் இவ்வளவும் இராது. இருக்கிற சுவடி கையில் கிடைத்தால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

ஓலையை மின்னாக்கம் செய்வது காகிதத்தைப் போல விறுவிறுவென்று நடக்காது. கட்டைப் பிரித்ததும் முதலில் தூசி. மெல்லிய தூரிகையால் ஒவ்வோர் ஏடாக, நார் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஓரம் சிம்பு சிம்பாகக் கிளம்பும். காய்ந்து மொரமொரப்பாக இருக்கும் ஏட்டுக்குப் பஞ்சில் தொட்டு லெமன்கிராஸ் எண்ணெய் தடவுவார்கள். ஓலை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பூச்சியும் கிட்ட வராது. அறை முழுக்க அந்த எலுமிச்சை வாசனை. எழுத்தாணியால் கீறிய எழுத்தில் நிறம் கிடையாது. ஆகவே விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஏடு முழுக்கப் பூசி, மேலே இருப்பதைத் துடைத்து எடுத்தால் கீறலுக்குள் போன கரி மட்டும் தங்கும். வெறும் ஓலையாக இருந்தது வரி வரியாகக் கறுத்துத் தெரியத் தொடங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. பழைய நாளில் மஞ்சளும் கோவையிலைச் சாறும்கூடப் பூசினார்கள்.

அப்புறம்தான் கேமரா. ஏட்டின் இரண்டு பக்கமும், பக்கத்தில் ஓர் அளவுகோல், ஒரு வண்ண அட்டை. ஏட்டெண் இடப்பக்க ஓரத்தில், பெரும்பாலும் ஒரு புறத்தில் மட்டும் இருக்கும். கயிறு அறுந்து இரண்டு கட்டுகள் கலந்துபோயிருந்தால் ஏட்டெண்ணை நம்பக் கூடாது. 14 என்று இரண்டு ஏடு இருக்கும். அப்போது துளை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது, ஏட்டின் நீளம் என்ன, ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, கையெழுத்து சாய்வா நிமிர்வா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். இதைப் படமெடுப்பதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். பிற்பாடு படத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பார்கள் சிலர். திரையில் எல்லா ஏடும் ஒரே அகலத்தில் தெரியும். அந்த அளவுகோலை வைக்காமல் விட்டிருந்தால் அவ்வளவுதான்.

உ. வே. சாமிநாதையர் பதிப்புகளை எல்லோரும் பாடத்துக்காகப் போற்றுகிறார்கள். நான் அவருடைய முகவுரைகளின் ரசிகன். எந்த ஊர், யார் வீடு, எந்த மடம், அங்கிருந்து வந்த பிரதி முழுமையா குறையா என்று வரிசையாக எழுதிவிடுவார். நன்றி சொல்வதற்காக எழுதியதுதான், ஆனால் இன்றைக்கு அது ஒரு கேட்லாக். அந்தப் பிரதிகளில் பல எங்கே போயின என்று தெரியாத நிலையில், ஒரு காலத்தில் இன்ன வீட்டில் இன்ன சுவடி இருந்தது என்பதற்கு அந்தப் பட்டியல்தான் மிச்சம்.

காகிதத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் பரவியது. அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது தன்னைத் தானே தின்றுகொள்ளும். 1930-களின் பத்திரிகையை எடுத்து மூலையை மடக்கினால் அப்பளமாக ஒடிவது அதனால்தான். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா அரையணாவுக்கு விற்ற, ஊர்ச் செய்தியைப் பாட்டாக்கிய கொலைச் சிந்துகள், ரயில் சிந்து, வெள்ளச் சிந்து, பெரிய எழுத்துக் கதைகள் எல்லாம் இந்தக் காகிதத்தில் வந்தவை. கல்லூரி நூலகங்கள் அன்றைக்குப் பெரும்பாலும் அவற்றை வாங்கவில்லை. குப்பை என்று நினைத்தார்கள். வாங்கி வைத்தவர்கள் தனி ஆட்கள்.

அப்படி ஒருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று பிறர் தூக்கிப் போடும் காகிதத்தையெல்லாம் சேர்த்தார். அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்ற பெயரில் நிறுவனமாக ஆக்கினார்கள். பக்கங்களைச் சின்னதாக்கிப் படச்சுருளில் பதியும் நுண்படம் எடுப்பதும் கேட்லாக் எழுதுவதும் அங்கே சேர்ந்தே நடந்தன. இன்றைக்கு நுண்படச் சுருளைப் பார்த்தால் இளைஞர்கள் சிரிப்பார்கள். நன்றாகக் கழுவி, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்த வெள்ளி உப்புச் சுருள் நூற்றுக்கணக்கான ஆண்டு தாங்கும் என்பது கணக்கு. படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும். எந்த மென்பொருளும் வேண்டாம். உங்கள் ஹார்ட் டிஸ்க் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

பத்திரிகைகளில் எனக்கு ஒரு நிரந்தர வருத்தம் விளம்பரப் பக்கங்கள். அந்தக் காலத்து நூலகங்கள் ஆண்டுத் தொகுதியாகப் பைண்டிங் செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்துப் போட்டுவிட்டுத் தைத்தார்கள். கதையும் கட்டுரையும்தானே வேண்டும் என்று. இன்றைக்கு ஆய்வாளர்கள் வந்து கேட்பதோ சோப்பு விளம்பரமும், இசைத்தட்டு விளம்பரமும், சினிமா விளம்பரமும்தான். 1930-களில் வந்த பேசும் படங்களில் பலவற்றுக்குப் பிரதி இல்லை. அந்தப் படங்களில் யார் நடித்தார்கள், என்ன பாடினார்கள் என்று நமக்குத் தெரிவது பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் தப்பியதால். இப்போதும் ஸ்கேன் செய்பவர்கள் வெற்றுப் பக்கம், விளம்பரம் என்று தாண்டிப் போவதைப் பார்க்கிறேன். பக்கத்தில் இருந்தால் கத்திவிடுவேன்.

பக்கவாட்டில் ஊசி போட்டுத் தைத்த தொகுதி விரியாது. உள்ளோர எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். முதுகை வெட்டி, தாள் தாளாக்கி, ஸ்கேனரில் விட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும். வேறு இரண்டு பிரதி இருக்கிறது என்றால் நானும் வெட்டச் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு மதப்பற்று இல்லை. ஒரே பிரதி என்றால் வி வடிவத் தாங்கியில் பாதி திறந்து வைத்து, மேலிருந்து இரண்டு கேமராவால் எடுக்க வேண்டும். மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

பக்க எண்ணிக்கை மோகம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2000-களில் பொதுப் பணத்தில் பெரிய அளவில் புத்தகங்களை ஸ்கேன் செய்தார்கள். பெயர் வேண்டாம். லட்சக்கணக்கில் புத்தகம். ஆனால் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், ஒலிப்பைக் காட்ட ஆளுக்கு ஒரு முறையில் தட்டியிருந்தார்கள். தட்டியவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது என்பது பார்த்தாலே தெரியும். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பகம், ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் நூலகச் சேர்க்கை எண். படங்களும் வெறும் கருப்பு, வெள்ளை. சாம்பல் நிறம்கூட இல்லை. யாரோ பென்சிலில் ஓரத்தில் எழுதிய குறிப்பெல்லாம் வெளுத்து மறைந்துவிட்டது. நான் தேடிக்கொண்டிருந்த ஒரு தலபுராணம் அதற்குள் இருந்தது என்பதே வேறு எதையோ தேடும்போதுதான் தெரியவந்தது. அலமாரியில் தூசியோடு இருந்தபோது நூலகரைக் கேட்டாலாவது எடுத்துக் கொடுத்திருப்பார்.

பெயர் விஷயம் தமிழில் தனிச் சிக்கல். குடும்பப் பெயர் இல்லாத ஊர் நம்முடையது. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. எல்லாம் ஒரே ஆள் என்று எங்காவது ஓரிடத்தில் எழுதி வைத்தால்தான் கணினிக்குத் தெரியும். புனைபெயர்கள் இன்னும் மோசம். கல்கி இசை விமர்சனங்களைக் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதினார். ‘கல்கி’ என்று தேடுபவருக்கு ‘கர்நாடகம்’ கிடைக்காது, யாராவது இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தால் ஒழிய. கல்கிக்காவது ஊரறிந்த பெயர். 1940-களின் சிறு பத்திரிகையில் மூன்று பெயரில் எழுதிவிட்டுக் காணாமல் போன ஆளுக்கு யார் முடிச்சுப் போடுவது? அவரைத் தெரிந்தவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பதிப்புரிமைக் கணக்குக்கும் இது வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் யாரென்று தெரிந்தால் அவர் இறந்து 60 ஆண்டு ஆக வேண்டும், தெரியாவிட்டால் நூல் வெளியாகி 60 ஆண்டு. ஆள் யாரென்று தெரிந்தால்தானே எதிலிருந்து எண்ணுவது என்று முடிவு செய்யலாம்?

கோப்புகளைக் காப்பதும் இதே மாதிரிதான், யாரும் கைதட்டாத வேலை. டெமி என்ற சாதாரணப் புத்தக அளவுப் பக்கம் ஒன்றை 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில் சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் சுமார் 22 எம்பி வரும். 200 பக்கப் புத்தகம் நாலரை ஜிபி. அதிலிருந்து செய்த பிடிஎஃப் 20 எம்பியில் அடங்கிவிடும். படிக்கப் பிடிஎஃப் போதும். ஆகவே டிஸ்க் நிறைந்ததும் டிஃப்பை அழித்துவிட்டுப் பிடிஎஃப்பை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் நல்ல எழுத்துணரி மென்பொருள் வந்து, தெளிவான படம் கொடு என்று கேட்கும்போது கொடுக்க இருக்காது. புத்தகமும் அதற்குள் தூளாகியிருக்கும். சிடியில் எரித்து வைத்தவர்கள் நிலைமை இன்னும் பரிதாபம். பாதி சிடி திறக்காது, திறந்தாலும் உள்ளே இருப்பது ‘புதிய கோப்புறை 2’.

எழுத்துக் குறியீடு என்று ஒரு கதை இருக்கிறது. 1998 பொங்கலன்று, தமிழ் இலக்கிய நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தன்னார்வலர்கள் தொடங்கியபோது தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு; ஓர் எழுத்துருவில் தட்டியதை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கல். எல்லா மொழிக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டாலும் நம் கணினிகளில் அது ஒழுங்காகத் தெரிய நாளாயிற்று. மதுரைத் திட்டத்தார் திஸ்கி என்ற பழைய குறியீட்டில் இருந்ததைப் பொறுமையாக யூனிகோடுக்கு மாற்றினார்கள். அதனால்தான் இன்றைக்கும் அந்த நூல்களைத் தேடிப் படிக்க முடிகிறது. அதே காலத்தில் பதிப்பகங்களிலும் அலுவலகங்களிலும் தட்டியவற்றில் எவ்வளவு இப்படிக் கிறுக்கலாகக் கிடக்கிறதோ.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1981 மே கடைசி நாளின் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது போனவை சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும். 2005-இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டம் அந்த நெருப்பின் நினைவோடு வளர்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. அங்கே நாவல், வரலாறு என்பவற்றோடு பள்ளிக்கூட மலர், கோயில் கும்பாபிஷேக மலர், இறந்தவர் நினைவாக வெளியிட்ட கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் ஏறியிருக்கின்றன. நினைவு மலருக்குள் ஓர் ஊரின் வம்சாவளியே இருக்கும். அதை எந்தத் தேசிய நூலகமும் இவ்வளவு அக்கறையோடு சேர்த்திருக்காது.

நெருப்பு இல்லாமலும் நூலகம் இருண்டுபோகும். 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை ஒரு பணயக் கும்பல் முடக்கியது. நூலகம் பணம் கொடுக்க மறுத்தது. மாதக்கணக்கில் அவர்களுடைய மின்னாக்கச் சுவடிகள் இணையத்தில் இல்லை. அதில் 2004 முதல் அவர்கள் நடத்திவரும் அழிநிலை ஆவணத் திட்டத்தின் படங்களும் அடக்கம். அதில் தமிழ்நாட்டில் எடுத்தவையும் உண்டு. நல்ல வேளையாக அந்தத் திட்டத்தின் விதியே மூலப்பொருள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், படங்களின் பிரதி ஒன்று உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்பது. லண்டன் இருண்டபோதும் இங்கே ஒரு பிரதி இருக்கத்தான் செய்தது.

‘இருக்கத்தான் செய்தது’ என்கிறேன். எடுக்க முடிந்ததா என்பது வேறு கேள்வி. நான் வேலை செய்த ஓரிடத்தில் ஸ்கேன் முடிந்ததும் ஹார்ட் டிஸ்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி ஒருவரிடம். அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் பொறுப்பு ஒப்படைத்த பட்டியலில் அது இல்லை என்பதால் திறக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மக்கள் பார்த்துவிடுவார்களே என்று பயந்து பூட்டி வைப்பதற்காக மின்னாக்கம் செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம், எண்ணெய்ச் செலவாவது மிச்சம்.

இப்போது புதிதாக ஒரு பேச்சு: இதெல்லாம் எதற்கு, செயற்கை நுண்ணறிவு படித்துவிடும். நான் எதிரி இல்லை. அச்சு நூல்களில் எழுத்துணரி இன்று செய்வது பத்து ஆண்டுக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘னை’, ‘ணை’ எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். ‘றா’, ‘னா’, ‘ணா’ சுழித்து வளையும். அங்கே முன்பு தடுக்கி விழுந்துகொண்டிருந்தது, இப்போது ஓரளவு எழுந்து நடக்கிறது. சுவடியில் நிலைமை வேறு. புள்ளி கிடையாது, எகர ஏகார வேறுபாடு கிடையாது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எங்கே சொல் பிரிகிறது என்று பாடலின் ஓசையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதையும் ஒருநாள் இயந்திரம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கட்டு யார் வீட்டிலிருந்து வந்தது என்பது ஏட்டில் எழுதியில்லை. கொண்டுவந்த பெரியவர் வாயால் சொன்னது அது. அந்த நேரத்தில் குறித்தால் உண்டு.

எழுத்தே இல்லாத பொருளில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். புகைப்படங்களைச் சொல்கிறேன். 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களையும் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் தேடிப் போய்ச் சேர்த்து மின்னாக்கம் செய்தார்கள். பல ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் இல்லை. வெள்ளிக்காக எடைக்குப் போட்டிருந்தார்கள், அல்லது கண்ணாடித் தகட்டைச் சுரண்டி வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். தப்பிய படங்களில் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், கைவைத்த நாற்காலியில், காலணியோடும் காலணி இல்லாமலும் மனிதர்கள். உடுப்பைப் பற்றி, திரைச்சீலையைப் பற்றி ஆயிரம் எழுதலாம். அந்த அம்மாள் பெயர் என்ன என்று மட்டும் எழுத முடியாது.

வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருப்பவர்கள் என்னிடம் கேட்பது எப்போதும் ஸ்கேனரைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, எத்தனை டிபிஐ. கைபேசியில் எடுத்தாலும் பாதகமில்லை, ஜன்னலோரம் கண்ணாடிப் பளபளப்பு விழாமல் எடுங்கள். அதற்கு முன்னால் படங்களை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் போய் உட்காருங்கள். படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால், 2பி இருந்தால் நல்லது, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் முன்பக்கம் புடைத்துக்கொள்ளும், மை ஊறும். நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் என்று பிரித்து, இடமிருந்து வலமாகப் பெயர்கள். அத்தை, சித்தப்பா என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பேத்திக்கு அவர் அத்தை இல்லை. ஊர், ஸ்டுடியோ பெயர், என்ன விசேஷம். ஆண்டு தெரியாவிட்டால் ‘பெரியவன் பிறப்பதற்கு முன்’ என்று சொன்னதை அப்படியே எழுதுங்கள், அதிலிருந்து பிற்பாடு கணக்குப் போடலாம். சொன்னவர் பெயரும் சொன்ன தேதியும் கட்டாயம். இன்னொருவர் வந்து, ‘இது அவள் இல்லை, அவள் தங்கை’ என்றால் அதையும் கீழே அவர் பெயரோடு எழுதுங்கள். மேலே இருப்பதை அழிக்க வேண்டாம்.